கறையைப் பற்றிப் பேசுவதில்லை

துணிமூட்டையை அவிழ்க்கும்போது அவளுக்கு அருவருப்பு வந்ததில்லை. ஆஸ்பத்திரி விரிப்பு, லாட்ஜ் விரிப்பு, சாப்பாட்டுக் கடைகளின் மேஜைத் துணி. ரத்தம், சீழ், வாந்தி, மலம். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர். முட்டைக்கும் அதுதான், வெந்நீர் பட்டால் துணியோடு சேர்ந்து வெந்துவிடும். எண்ணெய்க்கு மட்டும் வெந்நீர். எதற்கு எது என்று தெரிந்துவிட்டால் பிறகு அது வெறும் வேலை.

கணவரிடம் அது பலிக்கவில்லை.

அன்றைக்கும் அவர் பின்னாலிருந்து வந்தார். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் நகர்ந்துவிடலாம். மெஷின் ஓடும்போது கேட்காது. இடுப்பில் கை விழுந்தது. பிறகு கழுத்தில் ஈரம். முத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. திறந்த வாய், அவ்வளவுதான். எச்சில் முதுகுக்குள் இறங்கியது.

"விடுங்க."

விடவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றுமில்லை. கண் கொட்டவில்லை. நெற்றியிலும் மூக்கோரத்திலும் எண்ணெய் மினுங்கியது. ஆசை, கெஞ்சல், வெட்கம் எதுவும் அந்த முகத்துக்கு வராது. கை மட்டும் தன்பாட்டுக்கு இயங்கிக்கொண்டிருந்தது.

"ரேடியோ இருக்கா," என்றாள்.

ரேடியோ என்பது இஸ்திரி போடும் பெண். வாய் ஓயாததால் வந்த பெயர். "என்னை நிறுத்தறதுக்கு பட்டன் கிடையாதுக்கா" என்று அவளே சொல்லிக்கொள்வாள். அந்த நேரம் ரேடியோ பேசவில்லை. தேய்த்த தலையணை உறையையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தன் இடுப்பிலிருந்த அவர் கையைப் பிடித்து எடுத்து, ஈர விரிப்பு ஒன்றை அதில் திணித்தாள். "போய் உலர்த்துங்க." அவர் போனார். கழுத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். இரண்டாம் முறையும் கழுவினாள்.

கூடத்தின் நடுவில் தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். கடை தொடங்கியபோது கணவனும் மனைவியுமாகப் போட்ட கோடு அது. கூடவே ஒரு சட்டமும் போட்டார்கள். யார் படுக்கையில் என்ன நடக்கிறது என்று துணி வெளுக்கிறவர்களுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் அடுத்த மூட்டை வராது. வேலைக்குச் சேருகிறவர்களிடம் முதல் நாளே அவர் சொல்வார்: "கறையை எடுக்கணும். கறையைப் பத்திப் பேசக்கூடாது."

அவள் அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை. வீட்டிலும் மீறியதில்லை. வீடு கடைக்கு மேலேதான் இருந்தது.

நோய் மூக்கில் தொடங்கியது. அது நோய் என்று பின்னால்தான் தெரிந்தது. மூட்டையை முகர்ந்து பார்த்துப் பிரிப்பது அவர் வேலை. இது புளித்தது, இது பூசணம், இது ஆஸ்பத்திரி, தனியாகப் போடு என்பார். ஒரு கோடையில் நாறிப்போன மூட்டை மேல் உட்கார்ந்து நிதானமாக ரொட்டி தின்றுகொண்டிருந்தார். "நாத்தம் அடிக்கலையா?" என்று கேட்டாள். "பழகிடுச்சு" என்றார். பழகிவிட்டது என்றே அவளும் நினைத்தாள். கொஞ்சம் பொறாமைகூடப் பட்டாள்.

அடுத்தது எழுத்து. துணியோரத்தில் அழியாத மையால் அடையாளம் எழுதுவார். எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. "முதலாளி, எறும்பு படிக்கவா எழுதறீங்க?" என்றாள் ரேடியோ. பிறகு நடக்கும்போது வலது கை வீசுவது நின்று உடம்போடு ஒட்டிக்கொண்டது. குரல் தணிந்தது. முகம் உறைந்தது. எப்போது பார்த்தாலும் கோபமாக இருப்பதாக வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள். நடுக்கம் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வந்தது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் ஏதோ மாத்திரையை உருட்டுவதுபோல உருட்டிக்கொண்டே இருந்தன. அதைப் பார்த்தபிறகுதான் டாக்டரிடம் போனார்கள்.

நரம்பு டாக்டர் ஒரு பெண். மேஜை மேல் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டார். கணவரை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"பார்க்கின்சன்," என்றார். "மூளையில டோபமின்னு ஒண்ணு சுரக்கும். உடம்பு அசையறதுக்கு அது வேணும். அதைச் சுரக்கிற செல்லுங்க சாக ஆரம்பிச்சிருக்கு. திரும்ப வராது. ஆனா வெளியில இருந்து மாத்திரையா குடுத்து ஓட்டலாம். நல்லாவே ஓட்டலாம்."

ஓட்டினார்கள். முதல் மாத்திரை நடுக்கத்தைக் கொஞ்சம் அடக்கியது. போன குளிர்காலத்தில் டாக்டர் இன்னொன்றைச் சேர்த்தார். சின்ன வெள்ளை மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினார். அதற்குப் பிறகு அவர் எழுந்துவிட்டார். மாடிப்படி ஏறினார். விரிப்பை உதறி மடித்தார். டிரையரை அவரே திறந்து அவரே மூடினார்.

அதற்குப் பிறகுதான் கையும் வந்தது.

முதலில் இரவில். அப்புறம் பகலில், மாடிப்படியில், டிரையருக்குப் பின்னால், வாடிக்கையாளர் பணம் எடுக்கக் குனிந்திருக்கும் அரைக் கணத்தில். கல்யாணம் ஆன புதிதில்கூட அவர் அப்படி இல்லை. கூச்சப்படுகிற மனிதர். விளக்கை அணைத்துவிட்டும் போர்வை தேடுவார். இப்போது வேண்டாம் என்றால் அவருக்குக் கேட்பதே இல்லை. வாயில் எச்சில் தேங்கி வழியும். அதோடுதான் வருவார். அவள் கீழே இறங்கி, சுத்தப் பக்கத்தில், துணி மடிக்கிற மேஜையில் படுக்க ஆரம்பித்தாள்.

உடம்பு தேறியதும் உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது என்று நினைத்தாள். நோய் வந்து இத்தனை நாள் மூடி வைத்திருந்தது. அவர் இதுதான்.

டாக்டரிடம் போகும்போதெல்லாம் ஒரே கேள்விகள்தான். டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்பார். அவர் வாயைத் திறந்து, குரலைத் தேடி எடுப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிடுவாள். வெளியே கூட்டம் காத்திருக்கிறது, டாக்டருக்கு எதற்குச் சிரமம்.

"மலச்சிக்கல்?"

"இருக்கு டாக்டர்."

"படுக்கையில புரள முடியுதா?"

"முடியுது."

"புதுசா ஏதாவது பழக்கம்? சூதாட்டம், விடாம தின்னுக்கிட்டே இருக்கறது, சாமான்களைப் பிரிச்சுப் போடறது, வேற ஏதாவது ஆசை?"

"ஒண்ணுமில்ல டாக்டர். நல்லா இருக்கார்."

வேற ஏதாவது. அந்தச் சொல் அவளுக்குக் கேட்டது. ஆனால் டாக்டர் கேட்பது நோயைப் பற்றி. இது நோயில்லை. இது அவள் வீட்டு அழுக்கு.

வைகாசியோ மார்கழியோ, எப்போது தோன்றினாலும் வந்துவிடுவாள் நாத்தனார். அவருடைய தங்கை. வந்ததும் அண்ணனை நிறுத்தி வைத்துச் சுற்றி வந்து பார்த்தாள்.

"அண்ணி, பாருங்க, எங்க அண்ணன் மாப்பிள்ளை மாதிரி நிக்கிறார்."

"நிக்கிறார்."

"உங்களுக்குச் சந்தோஷமே இல்லையா?"

"இருக்கு."

"இருக்குன்னு சொல்ற மூஞ்சியைப் பாரு. பல்லு பிடுங்க உக்காந்த மாதிரி." அண்ணனிடம் திரும்பினாள். "ஏண்ணே, அண்ணி கீழ மேஜையில படுக்கிறாங்களாமே?"

அவர் ஏதோ சொன்னார். மெஷின் சத்தத்தில் போய்விட்டது.

"மெஷின் சத்தம் இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வருது," என்றாள் அவள்.

"அப்ப மெஷினையே கட்டியிருக்கலாமே அண்ணி." நாத்தனார் சிரித்தாள். ரேடியோ சிரிக்கவில்லை.

"நோயாளியை ஒதுக்கி வைக்கக்கூடாது அண்ணி. எச்சில் ஒழுகுதுன்னு பாக்கறீங்க, இல்ல? எனக்குக் கண்ணு இருக்கு. அவர் பக்கத்துல வந்தா நீங்க எப்படி நகர்றீங்கன்னு பாத்தேன். பாம்பை மிதிச்ச மாதிரி."

அவள் ஒரு மேஜைத் துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. மடித்து வைத்தாள்.

நாத்தனார் ஊருக்குக் கிளம்பிப் போன அதே வாரம் ரேடியோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். காலைதான். இஸ்திரிப் பெட்டி இன்னும் சுடவில்லை.

"நாளையிலேருந்து வரலக்கா."

"ஏன்?"

"வரல."

"என்னடி ஆச்சு?"

ரேடியோ தன் வலது மேல்கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். குளிரில் நிற்பவளைப்போல. மேலே மாடியில் செருப்பு தேயும் சத்தம் கேட்டது. அவள் வாசலுக்கு இன்னும் பக்கமாக நகர்ந்தாள்.

"அவர் ஏதாவது பண்ணாரா?"

"கறையைப் பத்திப் பேசக்கூடாதுன்னு சொல்லிக்குடுத்தது நீங்க ரெண்டு பேரும்தானக்கா."

போய்விட்டாள். இஸ்திரிப் பெட்டி சூடாகி, ஆவி கக்கி, தானாக அணைந்தது.

அவள் மாடிக்குப் போனாள். அவர் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். வாயோரம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்கத்தான் போனாள். கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அதைத் தெரிந்தவளாக மிச்ச நாளை ஓட்டவேண்டும். வாய்வரை வந்ததை விழுங்கினாள். அது வாந்தியை விழுங்குவதுபோல இருந்தது.

பராமரிப்பு இல்லம் ஒன்று அவளுக்குத் தெரியும். அவர்களுடைய விரிப்புகள் இங்கேதான் வெளுக்க வந்தன. ஒரு அறை காலியாக இருக்கிறது என்றார்கள். நரம்பு டாக்டரின் கடிதம் வேண்டும் என்றார்கள். அன்றே டாக்டரிடம் நேரம் வாங்கினாள். எப்படியோ நாத்தனாருக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் வாசலில் அவர்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"கை கால் ஓடும்போதே தூக்கிப் போடறீங்களா? ஓடாம கெடந்தாலாவது ஒரு நியாயம் இருக்கும்."

"மெதுவா பேசுங்க."

"நான் ஏன் மெதுவா பேசணும்? நான் ஒண்ணும் புருஷனைக் கொண்டுபோய் விடலையே."

உள்ளே அழைத்தார்கள். மூன்று பேரும் போனார்கள். டாக்டர் அவரை நடக்கவைத்துப் பார்த்தார். திருப்தியாக இருந்தது.

"நல்லா இருக்காரே. எதுக்கு இல்லம்?"

"கடையையும் பாத்து இவரையும் பாக்க முடியல டாக்டர்."

"பொய்," என்றாள் நாத்தனார். "அண்ணன்தான் கடையில பாதி வேலை செய்யறார்."

"வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல."

"புதுசா ஏதாவது—"

"ஒண்ணுமில்ல டாக்டர். கடிதம் மட்டும் குடுங்க."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, கணவர் முன்னால், முழங்காலுக்கு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லுங்க. எதுக்கு இல்லம்?"

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எச்சிலை விழுங்கினார்.

"அவரால—" என்று நாத்தனார் ஆரம்பித்தாள். டாக்டர் திரும்பாமலே கையைத் தூக்கினார். இன்னொரு பக்கம் அவளும் வாயெடுத்தாள். டாக்டர் அந்தக் கையைக் கீழே போடவில்லை. வெளியே யாரோ இருமினார்கள். யாருடைய பேரையோ கூப்பிட்டார்கள். அவ்வளவு நேரம் அவர் பேசுவதற்காக யாரும் காத்திருந்ததில்லை. அவளும் இருந்ததில்லை.

"எனக்கே," என்றார் அவர். காற்றுதான் வந்தது. டாக்டர் குனிந்தார். "எனக்கே அருவருப்பா இருக்கு."

"எது?"

"நான் பண்றது."

"என்ன பண்றீங்க?"

சொன்னார். தேய்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி, ஒரே தட்டையான தொனியில். மாடிப்படி. டிரையர். எந்நேரமும் அதே நினைப்பு. அவள் வேண்டாம் என்பது கேட்கும், கை நிற்காது. பிறகு ரேடியோ. பின்னறையில். அவள் கதவைத் திறக்கப் பார்த்தாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் கத்தியபோது விட்டார். முகம் கடைசிவரை மாறவில்லை. பால் விலை சொல்வதுபோலச் சொன்னார். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்தது. அதுவும் நோயாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

நாத்தனார் எழுந்து சுவரோரம் போய் நின்றாள்.

"எப்பலேருந்து?" என்றார் டாக்டர்.

"குளிர்காலத்துலேருந்து." இதை அவள் சொன்னாள்.

"வெள்ளை மாத்திரை குடுத்தப்புறம்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒவ்வொரு தடவையும் கேட்டேனேம்மா."

"இதைக் கேக்கறீங்கன்னு தெரியல."

"இதைத்தான் கேட்டேன்." பிறகு குரலைத் தணித்தார். "நானும் இன்னும் விளக்கமா கேட்டிருக்கணும். டோபமின் கை காலை மட்டும் ஓட்டறதில்லை. ஆசையையும் அதுதான் ஓட்டுது. இந்த மாத்திரை டோபமின் மாதிரியே நடிக்கும். கை காலை ஓட்டற இடத்துக்குப் போறபோது ஆசையை ஓட்டற இடத்துக்கும் போயிடும். சிலருக்குச் சீட்டு. சிலருக்குத் தீனி. சிலருக்கு இது. பிரேக் அறுந்துபோகும்."

"அப்ப இது மாத்திரையா, இவரா?"

டாக்டர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "மாத்திரையைக் குறைச்சா போயிடும். அது தெரியும். உள்ள இல்லாததை மாத்திரை உண்டாக்குதா, எல்லார்கிட்டயும் இருக்கிறதைத் திறந்துவிடுதா, அது எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி சொன்னா பொய்."

"குறைச்சா?"

"திடீர்னு நிறுத்தக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமா. பழைய மாத்திரையைக் கூட்டறேன். அதை வெறும் வயித்துல குடுங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி. பால், முட்டை, கறி எதுவும் அதோட சேரக்கூடாது, சேர்ந்தா மாத்திரை உள்ள ஏறாது. ஆனா இப்ப இருக்கிற மாதிரி நடக்கமாட்டார். கட்டையா ஆவார். மனசு விட்டுப்போகும். பாத்துக்கறது கஷ்டம்." மேஜைப் பக்கம் திரும்பினார். "கடிதம் எழுதட்டுமா?"

"எழுதுங்க," என்றாள்.

வெளியே வந்ததும் நாத்தனார் அவள் முழங்கையைத் தொட்டாள். "அண்ணி, எனக்குத் தெரியாது." அவள் கையை இழுத்துக்கொண்டாள். எந்தக் கை பட்டாலும் இப்போது அப்படித்தான்.

அறை மாதக் கடைசியில்தான் கிடைக்கும் என்றார்கள். அதற்குள் மாத்திரை குறைந்தது. கையும் குறைந்தது. ஒருநாள் அவள் துணி பிரித்துக்கொண்டிருக்க, அவர் பின்னால் வந்து நின்று, தொடாமல் போனார். காலடிச் சத்தம் விலகிப்போவதைக் கேட்டபடி அவள் அசையாமல் நின்றாள். அப்படித் தொடாமல் போனது அதுதான் முதல் நாள்.

பிறகு உடம்பு போனது. படுக்கையில் புரளமுடியாமல் மல்லாந்தபடி கிடந்தார். திருப்பிவிட வேண்டியிருந்தது. வாசற்படி வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். தள்ளினால் விழுவார். கூடத்தில் மஞ்சள் கோட்டைமட்டும் சுலபமாகத் தாண்டினார். தரையில் ஒரு கோடு தெரிந்தால் கால் அதைத் தாண்டப் பார்க்கும் என்று டாக்டர் சொன்னார். ஒவ்வொரு வாசலிலும் தரையில் மஞ்சள் பட்டை ஒட்டினாள். குடலும் நின்றுபோனது. இனிமா கொடுக்கக் கற்றுக்கொண்டாள். தலையிலும் புருவத்திலும் எண்ணெய்ப் பிசுக்கோடு செதில் செதிலாக உதிர்ந்தது. தலையணையில், தட்டில், அவள் கையில். விழுங்க மறந்துபோன எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. "விழுங்குங்க" என்பாள். விழுங்குவார். "விழுங்குங்க." விழுங்குவார்.

வேறு யாருடைய துணியில் இருந்தாலும் இது வேலைதான். பச்சைத் தண்ணீரா வெந்நீரா என்று பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். இவர் உடம்பில் அது அந்தக் கையோடும் அந்த வாயோடும் சேர்ந்தே இருந்தது. மாத்திரை செய்தது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மூளை ஒப்புக்கொண்டது. தோல் ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் ரேடியோவின் வீட்டைத் தேடிப் போனாள். வாசலிலேயே வைத்துப் பேசினாள் ரேடியோ.

"மாத்திரையால வந்துச்சாம். டாக்டரே சொன்னாங்க. இப்ப குறைச்சாச்சு."

"அப்படியா."

"அவரால எந்திரிச்சு நிக்கவே முடியல இப்ப."

"சரிக்கா."

"மன்னிச்சிடுன்னு சொல்ல வரல. தெரிஞ்சிருந்தும் உன்னை அங்க விட்டு வச்சேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ரேடியோ கதவு விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு மாத்திரையா வந்து கதவைப் பிடிச்சுது? அவர்தான வந்தார். ராத்திரி கண்ணை மூடினா அந்த மூஞ்சி வருது. ஒண்ணுமே இல்லாத மூஞ்சி. கோபமா இருந்திருந்தாக்கூடப் பரவாயில்ல." நிமிர்ந்தாள். "நீங்க எப்படிக்கா அதை தினம் பாக்கறீங்க?"

கதவு மூடிக்கொண்டது.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் அவருக்குச் சவரம் செய்துவிட்டாள். இல்லத்துக்குத் தாடியோடு அனுப்பக்கூடாது என்று நினைத்தாள். ஜன்னலோரம் நாற்காலி போட்டு, கழுத்தில் துண்டு கட்டினாள். சவரத்துக்கு ஏற்ற முகம். அசையாது. கண்ணும் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு கன்னம் முடிந்தது. அவர் உதடு அசைந்தது. அவள் கத்தியை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். டாக்டர் காத்திருந்ததைப் பார்த்ததிலிருந்து காத்திருக்கப் பழகியிருந்தாள்.

"சீக்கிரம் அனுப்பிடு," என்றார்.

"நாளன்னைக்கு."

"நல்லது."

அவளுக்குக் கோபம் வந்தது. "அவ்வளவு ஆசையா அங்க போக?"

வெகுநேரம் எடுத்துக்கொண்டார். "அங்க யாருக்கும் தெரியாது, நான் என்ன பண்ணேன்னு."

"அவங்களும் உங்க எச்சிலைத் துடைக்கணும். அவங்களுக்கும் அருவருப்பா இருக்கும்."

"இருக்கட்டும். அவங்க யாரோ." மூச்சு வாங்கினார். "என் மூஞ்சிதான் செத்துப்போச்சு. உன்னுது சாகல. தினம் பாக்கறேன். கிட்ட வரும்போது. தண்ணி குடுக்கும்போது. நீ மறைக்கிறே. மறைக்கிறதும் தெரியுது."

நுரை அவர் தாடையில் காய்ந்துகொண்டிருந்தது. கீழே மெஷின் சுழன்று நின்றது. அந்த அமைதியில் அவளுக்கு முதல்முறையாகப் பேச வந்தது.

"ஆமா. அருவருப்பா இருக்கு," என்றாள். சத்தமாக, தெருவுக்கே கேட்கிறமாதிரி. "உங்க எச்சில். தலையிலேருந்து உதிர்றது. அந்தக் குளிர்காலம். மாடிப்படியில இப்பவும் என்னால தனியா ஏற முடியல, திரும்பித் திரும்பிப் பாக்கறேன். அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல நின்னப்போ உங்களைக் கொன்னுடலாம்னு இருந்துது. இந்தா, இந்த நிமிஷம்கூட, உங்க தாடையைப் பிடிச்சிருக்கிற கையை எப்பக் கழுவலாம்னுதான் இருக்கு."

"தெரியும்."

"மாத்திரைன்னு டாக்டர் சொல்றாங்க. நம்பறேன். நம்பியும் போகல."

"எனக்கும் போகல," என்றார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கத்தியில் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்தாள். அவர் அதைப் பார்த்தார்.

"அப்ப அனுப்பிடு."

"அனுப்பிட்டா இதையெல்லாம் நான் யார்கிட்ட சொல்றது?"

அவர் யோசித்தார். அல்லது குரலுக்குக் காத்திருந்தார்.

"என் தங்கச்சிகிட்ட."

வேடிக்கையாகச் சொன்னாரா என்று அந்த முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தோள் குலுங்கியது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

"ஆடாதீங்க. வெட்டிடும்," என்றாள். எழுந்து மறு கன்னத்துக்கு நுரை தடவினாள்.

முடிந்ததும் முகத்தைத் துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, போன் அருகே போனாள். இல்லத்தில் மேற்பார்வை பார்க்கிற பெண் எடுத்தாள். அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று இவள் சொன்னாள். மனசு மாறிடுச்சா, அங்கேயே பாசமா பாத்துக்கப் போறீங்களா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பாசம் எல்லாம் இல்லைங்க," என்றாள். "எங்க சண்டை இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் மாத்திரை. தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள்.